ஆறு கையெழுத்து, ஏழு பேர்

காகிதத்தைத் தொடுவதற்கு முன்னால் வரலட்சுமி கை கழுவுவதைப் பார்க்கிறவர்களுக்கு அவள் கோயிலுக்குள் நுழையப் போகிறாள் என்றுதான் தோன்றும். முதலில் வெறும் தண்ணீர். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு. பிறகு, பிழிந்து முடித்த அரை எலுமிச்சை மூடியை எடுத்து ஒவ்வொரு நகக்கண்ணிலும் வைத்துத் திருகுவாள். கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரலில் முடிப்பாள். ஒரு விரலைக்கூடத் தாண்ட மாட்டாள். மறுபடி தண்ணீர். முந்தானையின் வெளிப்பக்கம் மீன் பட்டது என்பதால் உள்பக்கத்தைத் திருப்பிப் பிடித்து ஒற்றி எடுப்பாள். கடைசியில் விரல் நுனிகளை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பாள். எலுமிச்சை மட்டும் வந்தால் சரி. மீன் வந்தால் முதலிலிருந்து.

ரேஷன் அட்டை, கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, எதுவானாலும் இதே முறைதான். இதற்கு ஒரு காரணமும் உண்டு. மகள் ஹேமலதாவை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, வரலட்சுமி நீட்டிய விண்ணப்பத்தை அங்கிருந்தவர் இரண்டு விரலால் மூலையில் பிடித்து வாங்கி, மின்விசிறிக்கு நேராக மேசை மேல் போட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வரலட்சுமி பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு மறந்திருப்பாள். பக்கத்தில் நின்ற ஹேமலதா அம்மாவின் கையை விட்டுவிட்டுத் தன் கையை முகர்ந்து பார்த்தாள். அன்று சாயங்காலம் வாங்கிய எலுமிச்சை, பதினேழு வருடமாக வீட்டில் தீர்ந்ததே இல்லை.

வரலட்சுமிக்கு ஐம்பத்திரண்டு வயது. வைத்திக்குப்பத்தில் படகு கரையேறும் நேரத்துக்கு மணலில் நிற்பாள். ஏலம் எடுத்து, கூடையைத் தூக்கி, கொட்டகையில் கடை போடுவாள். கொட்டகையில் முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து விற்பார்கள். அதன் கோடியில் ஓர் அறை. 'அலைமகள் மீன் விற்பனை மகளிர் கூட்டுறவுச் சங்கம்' என்று கதவின் மேல் சுண்ணாம்பில் எழுதியிருக்கும். சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஏழு இயக்குநர்கள். அதில் வரலட்சுமி ஒருத்தி. 'இயக்குநர்' என்று யாராவது சொன்னால், "சினிமாவா எடுக்கறேன்?" என்று சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

சங்கத் தலைவி அஞ்சலாட்சி. வரலட்சுமியைவிட நாலு வயது மூத்தவள். இருவரும் ஒரே தெரு. முப்பது வருடமாகப் பக்கத்துப் பக்கத்துக் கூடை. முப்பது வருடமாகச் சண்டை. ஏலத்தில் சண்டை, குடை நிழல் யார் பக்கம் விழுகிறது என்பதில் சண்டை. ஒருத்தி வராத நாளில் மற்றவளுக்கு வியாபாரம் மந்தமாக இருக்கும் என்பது கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும்.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, வியாபாரம் முடிந்ததும், குழு கூடும். கூட்டம் முடிந்தால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. மற்ற ஆறு பேரும் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அப்படியே போட்டுவிடுவார்கள். அதனால் பதிவேட்டின் தாள்கள் கருவாடு மாதிரி முறுகிக் கிடக்கும்; அங்கங்கே ஒரு செதில் ஒட்டி மினுங்கும். வரலட்சுமி மட்டும் தொட மாட்டாள். கொட்டகையில் தண்ணீர்க் குழாய் கிடையாது. வாளியில் இருப்பது கடல் தண்ணீர். அதில் கழுவினால் வாடை போகாது, கூடும். வீட்டுக்குப் போய்க் கழுவிவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்துதான் கையெழுத்துப் போடுவாள்.

சங்கச் செயலாளர் ஜோசப் ஆனந்த் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். முத்தியால்பேட்டைக்காரர், தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் 'மேரி' என்ற நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தா. எழுத்து முத்து முத்தாக இருக்கும். வந்திருந்து கையெழுத்துப் போடாதவர் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். 'ஆள் வந்தாச்சு, கையெழுத்து பாக்கி' என்று அர்த்தம். சாயங்காலம் வரலட்சுமி வந்து அந்தப் புள்ளியின் மேலேயே கையெழுத்தைத் தொடங்குவாள். ஒன்பது வருடம் இப்படியே ஓடியது.

அந்த ஆகஸ்ட் மாதம் ஹேமலதா பிரசவத்துக்கு முன்பே கதிர்காமம் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். ரத்தக் கொதிப்பு. பிறகு குழந்தை குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. வரலட்சுமியின் கணவன் முத்துவேல் கடலுக்குப் போக, அவள் காலையில் மீன் விற்றுவிட்டு மதியம் டெம்போ பிடித்துக் கதிர்காமம் போவாள். இருட்டின பிறகுதான் திரும்புவாள். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று கூட்டத்துக்கும் வந்தாள், உட்கார்ந்தாள், சண்டை போட்டாள், முடிந்ததும் கூடையை உள்ளே தள்ளிவிட்டு ஓடினாள். "ஆனந்து சார், நாளைக்கு வந்து போட்டுர்றேன்" என்பாள். நாளை வரவில்லை. பேத்தி கண்ணாடிப் பெட்டியில் இருக்கும்போது பென்சில் புள்ளி யாருக்கு நினைவிருக்கும்?

நவம்பரில் பேத்தி வீட்டுக்கு வந்தாள். வரலட்சுமி பழையபடி எலுமிச்சையோடு கையெழுத்துக்கு வந்தாள்; பழைய மூன்று பக்கத்தைத் திருப்பிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அதே நவம்பரில் தணிக்கை வந்தது. தணிக்கைக்காரருக்குப் பதிவேட்டில் பென்சில் இருந்தால் பிடிக்காது. எனவே ஜோசப் ஆனந்த் முதல் நாள் உட்கார்ந்து எல்லாப் பென்சில் குறிகளையும் அழித்தார். சும்மா அழிக்கவில்லை. நல்ல ரப்பராக வாங்கி, தாள் தேயாமல், தடம் தெரியாமல், தாத்தாவின் பேரனாக அழித்தார்.

ஜனவரியில் சங்கத் தேர்தல். வரலட்சுமி மறுபடியும் மனு போட்டாள். இந்தத் தடவை அவளுக்கு ஒரே ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. கொட்டகைக்குக் குழாய். நல்ல தண்ணீர் வரும் ஒரு குழாய்.

வேட்பு மனு பரிசீலனை முடிந்த மறுநாள் அறிவிப்புப் பலகையில் அவள் பெயர் 'தள்ளுபடி' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. காரணமும் இருந்தது. சங்கத் துணைவிதிப்படி, தொடர்ந்து மூன்று நிர்வாகக் குழுக் கூட்டங்களுக்கு வராத இயக்குநர் பதவி இழப்பார். அடுத்த தேர்தலில் நிற்கவும் தகுதி இல்லை. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். ஆட்சேபணை கொடுத்தவர் அஞ்சலாட்சி.

எழுதியது அவள் கணவர் தணிகாசலம் என்பது ஊருக்கே தெரியும். மகளிர் சங்கத்தில் ஆண்கள் உறுப்பினராக முடியாது. ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வரலட்சுமியின் இடத்தில் தன் தம்பி பெண்சாதி வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. பதிவேட்டைப் புரட்டி அந்த மூன்று வெற்றிடத்தையும் கண்டுபிடித்தவர் அவர்தான். கையெழுத்து மட்டும் மனைவியுடையது.

வரலட்சுமி பலகையின் முன் வெகுநேரம் நின்றாள். தேர்தலில் தோற்றால் அது வேறு. வரவே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். பேத்தியின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு வாய் சோறு தின்னாமல் வந்து உட்கார்ந்தவளை, வரவே இல்லை என்று.

"இன்னாக்கா, நான் வரலியா?" என்று கூடையருகே போய்க் கேட்டாள்.

அஞ்சலாட்சி நெத்திலியைக் குவித்துக்கொண்டே, "எங்கிட்ட எதுக்குடி கேக்கற? நோட்டு சொல்லுது" என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெர்லின் வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் கறி விலக்கி மீன் மட்டும் சாப்பிடும் கிறிஸ்தவ வீடு. வாரம் தவறாமல் வரலட்சுமியிடம் சங்கரா வாங்குகிறவள். கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகிற வழியிலேயே மீன் வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அன்று வரலட்சுமி செதில் உரசாமலேயே மீனைப் பையில் போட்டாள்.

"அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

வரலட்சுமி சொன்னாள். ஜெர்லின் கேட்டுவிட்டு, "துணைப் பதிவாளர்கிட்ட மேல்முறையீடு போடலாம். மூணு கூட்டமும் வந்தீங்கன்னு நிரூபிக்கத் தேவையில்லக்கா. ஒண்ணுக்கு வந்தீங்கன்னு காட்டினாப் போதும். தொடர்ச்சி அறுந்துடும்" என்றாள்.

"மூணுக்கும் வந்தேனே பாப்பா."

"வந்தீங்க. காகிதத்துல வரணும்."

அந்த வாரம் ஜோசப் ஆனந்த் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னாள். அவரே ஜெர்லினைத் தேடிப் போனார். "நான்தாம்மா அழிச்சேன். சாமி சத்தியமா சுத்தத்துக்காக அழிச்சேன். விசாரணையில அப்படியே சொல்லிர்றேன். வேலை போனாப் போவுது" என்றார். ஜெர்லின் அவரிடம் கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி, அக்டோபர் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை படிக்கும்போது விரல்விட்டு எண்ணினாள்.

கூட்டுறவுத் துறை அலுவலகத்தின் மாடியில் விசாரணை. துணைப் பதிவாளர் ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிற மனிதர், குரல் உயராது. மேசையின் ஒரு பக்கம் அஞ்சலாட்சியும் அவள் வக்கீலும். மறுபக்கம் வரலட்சுமியும் ஜெர்லினும். தணிகாசலம் பழக்கம் போல வாசலில். முக்காலி இல்லாததால் நின்றுகொண்டிருந்தார்.

அதிகாரி பதிவேட்டைத் திறந்தார். முகம் ஒரு கணம் சுருங்கி, பிறகு சரியானது. தாளிலிருந்து ஒரு செதில் உதிர்ந்து மேசைக் கண்ணாடியில் விழுந்தது. அவர் அதை நகத்தால் தள்ளினார். வரலட்சுமி தன் கைகளை மடிக்குள் இறுக்கிக்கொண்டாள். காலையில் இரண்டு எலுமிச்சை தீர்ந்திருந்தது.

ஜோசப் ஆனந்த் புள்ளிக் கதையைச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"அந்தப் புள்ளி எங்க இருக்கு?"

"அழிச்சிட்டேன்."

"அழிச்ச புள்ளிய எப்படிங்க சாட்சியா எடுத்துக்கறது?"

அதிகாரி தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு தடமும் இல்லை. "நல்லாத்தான் அழிச்சிருக்கீங்க" என்றார். ஜோசப் ஆனந்துக்கு வாழ்நாளில் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் மிகவும் கசந்திருக்கும்.

நவம்பர், டிசம்பரில் கையெழுத்து இருக்கிறதே என்று ஜெர்லின் கேட்டாள். அக்டோபரோடு பதவி போய்விட்டது. அதன் பிறகு போட்டதெல்லாம் வெளியாள் போட்ட கையெழுத்து என்றார் அந்த வக்கீல். வரலட்சுமிக்கு 'வெளியாள்' என்ற சொல் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது.

"அப்படின்னா அக்டோபரையே பாத்துடலாம் சார்," என்றாள் ஜெர்லின். "பன்னிரண்டாம் தேதிக் கூட்டம். வருகைப் பதிவேட்டுல எத்தன கையெழுத்து?"

அதிகாரி எண்ணினார். "ஆறு."

"அதே கூட்டத்தோட குறிப்பு. மூணாவது தீர்மானம், சங்கத்துக்குப் புதுப் பெயர்ப்பலகை வைக்கறது. கடைசி வரி மட்டும் படிங்க சார்."

அதிகாரி படித்தார். "ஆதரவு ஆறு. எதிர்ப்பு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது." படித்துவிட்டு மறுபடி கையெழுத்துகளைப் பார்த்தார். "ஆறு பேர் வந்து, ஏழு பேர் ஓட்டுப் போட்டிருக்காங்க."

எதிர் வக்கீல் குறிப்பின் நகலைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"ஏழாவது ஓட்டு செயலாளருடையதா இருக்கலாம்" என்றார் எதிர் வக்கீல்.

"எனக்கு ஓட்டு இல்ல சார்," என்றார் ஜோசப் ஆனந்த். "நான் சம்பளக்காரன்."

"எதிர்த்தவர் பெயர ஏன் எழுதல?"

"எழுத மாட்டேன் சார். எழுதினா மறுநா கொட்டகையில கூடை பறக்கும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அஞ்சலாட்சியின் பக்கம் திரும்பினார். "நீங்கதான் தலைமை தாங்கியிருக்கீங்க. அன்னிக்குப் பெயர்ப்பலகை வேணாம்னு யாராவது சொன்னாங்களா?"

வக்கீல் லேசாக இருமினார். அஞ்சலாட்சி அவரைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு எதிரே, கையை மடியில் ஒளித்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள்.

"சொன்னாங்களாவா?" குரல் கொட்டகைக் குரலாகவே வந்தது. "ஒரு மணி நேரம் என் உசுர எடுத்தா சார் இவ! 'போர்டு எதுக்குடி, ஒரு கொழா போடு, போர்டுலயா கை கழுவுவ'ன்னு கேட்டா. என்னையே 'டி' போட்டுக் கேட்டா!"

"நான் டி போடல சார்!" வரலட்சுமி எழுந்துவிட்டாள். "எதுக்குக்கான்னுதான் கேட்டேன்."

"போட்டே!"

"போடலக்கா!"

"வாசல்ல எங்க வூட்டுக்காரரு ஒக்காந்துனு இருந்தாரு. அவரையே கேளுங்க சார், இவ டி போட்டாளா இல்லியான்னு!"

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். தணிகாசலம் நிலைப்படியைப் பார்த்தார். தலை ஆமென்று ஆடியதா, இல்லையென்று ஆடியதா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அஞ்சலாட்சியின் வக்கீல் மெதுவாக உட்கார்ந்து, கோப்பின் நாடாவைக் கட்டத் தொடங்கினார். அதிகாரி பேனாவை எடுத்தார். "டி போட்டாங்களாங்கறது இந்த மேல்முறையீட்டுல வரல," என்றார். "ஆனா வந்திருக்காங்க."

மூன்று நாளில் உத்தரவு வந்தது. வரலட்சுமியின் வேட்பு மனு ஏற்கப்பட்டது. செயலாளருக்கு, பதிவேட்டில் இனி பென்சில் கூடாது என்று ஒரு குறிப்பாணை.

விசாரணை முடிந்த அன்று இருவரும் முன்னும் பின்னுமாக மாடிப்படி இறங்கினார்கள். கீழே தெருவுக்கு வந்ததும் அஞ்சலாட்சி யாரையும் பார்க்காமல், "எலுமிச்சம்பழம் வாங்கி வாங்கியே முத்துவேலு படகு முழுகப் போவுது" என்றாள்.

"அந்தப் போர்டுல எங்க பேரையும் சேத்து எழுதுக்கா," என்றாள் வரலட்சுமி. "வந்தவங்க ஏழு பேருன்னு."

"போடி."

"இப்ப யாரு டி போட்டது?"

அஞ்சலாட்சி டெம்போவில் ஏறிக்கொண்டாள். ஏறினவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. வரலட்சுமி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அடுத்த வண்டியில் வந்தாள். அவளுக்கும் ஒரு கெத்து வேண்டுமல்லவா?

தேர்தலில் அஞ்சலாட்சிக்கு முதலிடம், வரலட்சுமிக்கு இரண்டாமிடம். தணிகாசலத்தின் தம்பி பெண்சாதிக்கு இடமில்லை. புதிய குழுவின் முதல் கூட்டத்துக்கு வரலட்சுமி ஒரு பாட்டிலில் நல்ல தண்ணீரும் மடியில் எலுமிச்சை மூடியும் கொண்டுவந்தாள். கூட்டம் முடிந்ததும் ஜோசப் ஆனந்த் பேனாவோடு காத்திருந்தார். மற்ற ஆறு பேரும் கூடையைத் தூக்காமல் நின்றார்கள். அவள் கட்டைவிரலில் தொடங்கினாள். "அஞ்சாவது வெரலுக்குள்ள கடல் உள்வாங்கிடும்" என்றாள் அஞ்சலாட்சி. சிரிப்பு அடங்குவதற்குள் சுண்டுவிரலும் முடிந்தது. அன்று எல்லோருக்கும் முதலில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் கடைசியில், தண்ணீர் வழங்கும் துறையிலிருந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. கொட்டகைக்குக் குழாய் இணைப்பு அனுமதிக்கப்பட்டது என்று. வரலட்சுமி இன்னும் மனுவே கொடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர இருந்தாள். ஜோசப் ஆனந்தும் எழுதவில்லை. கடிதத்தோடு, எந்த மனுவின் பேரில் அனுமதி என்று காட்ட, அந்த மனுவின் நகலையும் இணைத்திருந்தார்கள். நகல் ஜோசப் ஆனந்தின் எழுத்தில் இல்லை. அலுவலக வாசல்களில் உட்கார்ந்து மனு எழுதித் தருகிறவர்களின் சாய்ந்த எழுத்து. அடியில் அஞ்சலாட்சியின் கையெழுத்து.

ஜோசப் ஆனந்த் படித்துவிட்டு வரலட்சுமியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் வீட்டுக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்து வாங்கிப் படித்தாள். முதல் வரி இப்படி இருந்தது: 'எங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இயக்குநர் திருமதி மு. வரலட்சுமி அவர்கள் நேரில் வந்திருந்து வற்புறுத்திக் கேட்டுக்கொண்டபடி, மீன் விற்கும் கொட்டகைக்கு ஒரு தண்ணீர்க் குழாய் அமைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'

மனுவின் தேதி அக்டோபர் பதினாறு. அந்தப் பெயர்ப்பலகைக் கூட்டம் முடிந்து நான்காம் நாள்.